ரத்த அழுத்த மாத்திரையும் சிறுநீரகமும்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதித் தரப்பட்டவர்கள் மருத்துவரிடம் கேட்கத் தயங்கி, வீட்டுக்கு வந்தபின் உறவினரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: இதை வருடக்கணக்கில் சாப்பிட்டால் கிட்னி கெட்டுப்போகாதா? டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களை விசாரித்தால் அவர்களில் பெரும்பாலோர் பல காலமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிட்டவர்களாகவே இருப்பார்கள். எனவே மாத்திரைதான் காரணம் என்று முடிவுகட்டிவிடுவது எளிது. நடந்தது பெரும்பாலும் வேறு. கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களைத் தடிக்கவும் சுருங்கவும் செய்து, அதன் வடிகட்டும் திறனை மெல்லக் குறைக்கிறது. பழுதுபட்ட சிறுநீரகமோ தன் பங்குக்கு ரத்த அழுத்தத்தை மேலும் ஏற்றிவிடுகிறது. நாள்பட்ட சிறுநீரக நோய்க்கான காரணங்களில் முன்னணியில் நிற்பவை நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும்தான். அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரைகள் அல்ல.

ஆனாலும் அந்த அச்சத்தை வெறும் வதந்தி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. சில வகை மாத்திரைகள் தொடங்கிய சில வாரங்களில் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவுப்பொருள்) அளவைச் சற்று உயர்த்தத்தான் செய்கின்றன. வேறு சில மருந்துகளோடு சேரும்போதோ உடலில் நீர் வற்றியிருக்கும்போதோ அதே மாத்திரைகள் உண்மையான பாதிப்பையும் உண்டாக்கக்கூடும். ஆகவே, ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து தானாக மாத்திரையை நிறுத்துவது எவ்வளவு தவறோ, ரத்தப் பரிசோதனையே செய்துகொள்ளாமல் ஆண்டுக்கணக்கில் அதே சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கிக்கொண்டே இருப்பதும் அவ்வளவு தவறு. அண்மையில் மாத்திரை தொடங்கியவர்களும், வீட்டிலுள்ள பெரியவர்களின் மருந்துகளைப் பார்த்துக்கொள்கிறவர்களும் என்னென்ன செய்ய வேண்டும் என்பதைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், உங்கள் மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மாத்திரை அட்டையில் பெரிதாக அச்சிட்டிருப்பது நிறுவனம் வைத்த பெயர். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். அந்தச் சிறிய எழுத்தைப் படித்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எனலாப்ரில், ராமிப்ரில் என்று ‘ப்ரில்’ என முடிபவை ஒரு வகை. லோசார்டன், டெல்மிசார்டன், ஓல்மிசார்டன் என்று ‘சார்டன்’ என முடிபவை இன்னொரு வகை. சிறுநீரகத்தோடு மிக நெருங்கிய தொடர்புடையவை இந்த இரண்டு வகைகளே. ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இன்டபமைடு, ஃப்ரூசமைடு ஆகியவை நீர் பிரியச் செய்யும் மாத்திரைகள். அம்லோடிபின், சில்னிடிபின் போன்றவை ரத்தக் குழாயைத் தளர்த்துபவை. வடிகட்டும் திறனை இவை நேரடியாகக் குறைப்பதில்லை. அட்டினலால், மெட்டோப்ரோலால் ஆகியவை இதயத் துடிப்பைத் தணிப்பவை. இவற்றில் அட்டினலால் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகத் திறன் குறைந்தவர்களுக்கு அதன் அளவை மருத்துவர் குறைக்க நேரிடும்.

இன்று ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்துகள் சேர்ந்து வருவது வழக்கமாகிவிட்டது. டெல்மிசார்டன் அடங்கிய மாத்திரையின் பெயருக்குப் பின்னால் ‘ஏ.எம்.’ என்றிருந்தால் பெரும்பாலும் அம்லோடிபினும், ‘எச்’ என்றிருந்தால் ஹைட்ரோகுளோரோதயசைடும் உடன் சேர்ந்திருக்கும். இதைக் கவனிக்காத ஒருவர், ஒரு மருத்துவர் எழுதிய கூட்டு மாத்திரையையும் இன்னொரு மருத்துவர் எழுதிய தனி மாத்திரையையும் ஒன்றாக விழுங்கி, ஒரே மருந்தை இரட்டிப்பு அளவில் எடுத்துக்கொண்டிருக்கக்கூடும். ‘ப்ரில்’, ‘சார்டன்’ ஆகிய இரண்டு வகைகளையும் சேர்த்துச் சாப்பிடும் நிலை வந்தால் கட்டாயம் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். டெல்மிசார்டனையும் ராமிப்ரிலையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த, 25,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஆன்டார்கெட் ஆய்வு, அந்தக் கூட்டு கூடுதல் பலன் எதையும் தராமல் சிறுநீரகப் பாதிப்பை மட்டும் அதிகரித்தது என்று 2008இல் காட்டிவிட்டது.

அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களுக்கு இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாத்திரையால் மாலை நேரத்தில் கணுக்கால் வீங்குவது பலருக்கும் நேர்வது. அதைக் கண்டதும் கிட்னி போய்விட்டது என்று கலங்க வேண்டியதில்லை. ஆனால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்றவோ அளவைக் குறைக்கவோ வழி உண்டு. அந்த வீக்கத்துக்கென்று நீர் பிரியும் மாத்திரையைத் தானாக வாங்கிச் சாப்பிடுவதுதான் கூடாது.

தொடக்க நிலையைப் பதிவு செய்யுங்கள்

மாத்திரை தொடங்குவதற்கு முன்போ, தொடங்கிய ஓரிரு நாளுக்குள்ளோ சில பரிசோதனைகள் செய்திருக்க வேண்டும்: ரத்தத்தில் யூரியா, கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, சிறுநீரில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம் (அல்புமின் என்பது ஒரு புரதம்). பேச்சு வழக்கில் ‘உப்பு எவ்வளவு இருக்கிறது’ என்று கேட்கப்படுவது யூரியாவையும் கிரியேட்டினினையும் குறித்துத்தான். சமையல் உப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்தத் தொடக்கக் கணக்கு கையில் இல்லாவிட்டால், பிறகு வரும் எண் ஏறியதா, முன்பிருந்தே அப்படித்தானா என்று யாராலும் சொல்ல முடியாது. பல வீடுகளில் குழப்பம் பிறப்பதே இங்கிருந்துதான்.

கிரியேட்டினின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ‘நார்மல்’ என்று திருப்தியடைவதும் போதாது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்த, வயதான, மெலிந்த உடலில் அது இயல்பாகவே குறைவாக இருக்கும். அதனால் வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடப்படும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். இது வடிகட்டும் திறனை நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று மதிப்பிட்டுச் சொல்வது. 30 வயது ஆணுக்குக் கிரியேட்டினின் 1.2 என்றால், 2021இல் திருத்தப்பட்ட சூத்திரத்தின்படி அந்த எண் ஏறத்தாழ 83 வரும், அதே 1.2 இருக்கும் 70 வயதுப் பெண்மணிக்கு அது 49தான். முன்னவருக்குப் பெரிய கவலை இல்லை. பின்னவருக்கு அது மூன்று மாதங்களுக்கு மேல் அப்படியே நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோயின் மூன்றாம் நிலை. பரிசோதனைக் கூடத்தின் தாளில் இந்த எண் அச்சிடப்படவில்லை என்றால் மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

சிறுநீர்ப் பரிசோதனையைத் தட்டிக் கழிக்காதீர்கள். அல்புமின்–கிரியேட்டினின் விகிதம் கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது இயல்பு. 300ஐத் தாண்டினால் புரதம் கணிசமாக ஒழுகுகிறது என்று பொருள். கிரியேட்டினின் ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பாகவே இந்த ஒழுக்கு தொடங்கிவிடக்கூடும் என்பதால், என் பார்வையில் எல்லாப் பரிசோதனைகளிலும் அதிகம் புறக்கணிக்கப்படுவதும் அதிகம் பயன்படுவதும் இதுவே.

இரண்டு முதல் நான்கு வாரத்தில் மறுபரிசோதனை

‘ப்ரில்’ அல்லது ‘சார்டன்’ வகை மாத்திரை தொடங்கினாலும், அதன் அளவு கூட்டப்பட்டாலும், இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். இந்தப் பரிசோதனையின் முடிவுதான் பலரைத் திகைக்க வைக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண் வடிகட்டிகள் உள்ளன. ஒவ்வொரு வடிகட்டிக்கும் ரத்தம் வந்துசேர ஒரு குழாய், வெளியேற ஒரு குழாய். ஆஞ்சியோடென்சின் என்னும் ஹார்மோன் வெளியேறும் குழாயை இறுக்கி, வடிகட்டிக்குள் அழுத்தத்தை உயர்த்தி வைக்கிறது. வயலில் வடிமடையை அடைத்தால் உள்ளே நீர்மட்டம் ஏறுவதைப் போன்றது இது. அந்த உயர்ந்த அழுத்தம் இன்றைக்கு அதிகமாக வடிகட்ட உதவினாலும், ஆண்டுக்கணக்கில் நீடித்தால் வடிகட்டியின் சல்லடையையே கிழித்துப் புரதத்தை ஒழுகவிடுகிறது. ‘ப்ரில்’, ‘சார்டன்’ மாத்திரைகள் அந்த இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. உள் அழுத்தம் இறங்குகிறது. வடிகட்டும் அளவு கொஞ்சம் குறைகிறது. கிரியேட்டினின் கொஞ்சம் ஏறுகிறது. இந்த ஏற்றம் சிறுநீரகத் திசு அழிவதால் வருவதன்று, அதன் சுமை இறங்குவதால் வருவது.

எவ்வளவு ஏறலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. தொடக்க அளவைவிட 30 சதவீதம் வரை ஏறினால், பொட்டாசியமும் சரியாக இருந்தால், மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே கண்காணிப்பதுதான் இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்வது. 1.0 ஆக இருந்தது 1.2 ஆனால் அது 20 சதவீதம், ஏற்கத்தக்கது. 1.0 ஆக இருந்தது 1.5 ஆனால் அது 50 சதவீதம். உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்போது அவர் முதலில் தேடுவது மூன்று காரணங்களை: உடலில் நீர் வற்றியிருக்கிறதா, வலி மாத்திரை ஏதும் உள்ளே போகிறதா, சிறுநீரகத்துக்குச் செல்லும் தமனிகள் சுருங்கியிருக்கின்றனவா. கடைசியாகச் சொன்ன சுருக்கம் இரண்டு பக்கமும் இருந்தால் இந்த வகை மாத்திரை ஒத்துக்கொள்ளாது.

நெடுங்காலப் பலனுக்குச் சான்று வேண்டுமென்றால், நீரிழிவும் சிறுநீரகப் பாதிப்பும் உள்ள 1,513 பேரிடம் லோசார்டனை ஆராய்ந்து 2001இல் வெளிவந்த ரெனால் ஆய்வைச் சொல்லலாம்; அம்மருந்தை எடுத்துக்கொண்டவர்களில் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் நிலைக்குச் செல்லும் அபாயம் 28 சதவீதம் குறைந்தது. ‘சரி, கிட்னி ஏற்கெனவே மோசமாகிவிட்டால் நிறுத்தித்தானே ஆக வேண்டும்?’ என்ற அடுத்த கேள்விக்கு, பிரிட்டனில் நடந்து 2022இல் வெளியான ஸ்டாப் ஏஸ் ஆய்வு விடையளித்தது. வடிகட்டும் திறன் 30க்கும் கீழே இறங்கிவிட்ட 411 பேரில் ஒரு பாதியினர் இந்த வகை மாத்திரையை நிறுத்தினர்; மறு பாதியினர் தொடர்ந்தனர். மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, நிறுத்தியவர்களின் சிறுநீரகம் தொடர்ந்தவர்களுடையதைவிட மேலாக இருக்கவில்லை.

வலி மாத்திரை விஷயத்தில் கண்டிப்பு தேவை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருக்கிறது என்கிறவர்கள் இதைப் படித்தால் போதும். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், நாப்ரோக்சன் முதலிய வலி மாத்திரைகள் வடிகட்டிக்கு ரத்தம் வந்துசேரும் குழாயைச் சுருக்குகின்றன. பிரஷர் மாத்திரை வெளியேறும் குழாயைத் தளர்த்தியிருக்க, வலி மாத்திரை நுழைவுக் குழாயைச் சுருக்க, நீர் பிரியும் மாத்திரை ரத்தத்தின் நீரளவையும் குறைத்துவிட்டால், வடிகட்டிக்குள் அழுத்தமே இல்லாமல் போகிறது. சில நாட்களில் சிறுநீரகம் திடீரென ஓய்ந்துவிடுவதற்கு இந்த மூன்றும் சேர்ந்தால் போதும். பிறகு பழி முழுவதும் பிரஷர் மாத்திரையின் மேல் விழும். மூட்டுவலிக்கென்று மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய மாத்திரையை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். வலி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடியவை என்பதால், அவற்றை வழக்கமாக விழுங்குகிறவருக்குப் பிரஷர் அடங்காமல் மாத்திரையின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போவதும் உண்டு.

மருந்துக்கடையில் ‘கை கால் வலிக்கு’ என்று கேட்டு வாங்கும் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். சாதாரண வலிக்கும் காய்ச்சலுக்கும், உரிய அளவில் பாராசிட்டமால் மட்டும் உள்ள மாத்திரை பாதுகாப்பானது. பாராசிட்டமாலோடு அசிக்ளோஃபினாக் கலந்து வரும் மாத்திரைகளும் ஏராளமாக விற்பதால் அட்டையைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கப்படும் கோட்ரைமாக்சசோலும் ‘ப்ரில்’, ‘சார்டன்’ வகை மாத்திரைகளோடு சேர்ந்து பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றக்கூடும். எந்த மருத்துவரிடம் போனாலும் உங்கள் மருந்துத் தாளைக் காட்டுங்கள். இன்னதென்று தெரியாத பொடிகளும் லேகியங்களும்கூட ஆபத்தானவையே. நட்சத்திரப் பழம் சிறுநீரகத் திறன் குறைந்தவர்களுக்கு நஞ்சு என்பது உறுதிப்பட்ட செய்தி. கொழுப்பு குறையும் என்று நம்பிப் பிலிம்பிப் பழத்தின் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் கேரளத்திலிருந்து வந்திருக்கின்றன. படம் தெளிவாகத் தெரிவதற்கான மருந்தை (கான்ட்ராஸ்ட்) செலுத்தி சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னாலும், எடுப்பதற்கு முன்பே உங்கள் கிரியேட்டினின் அளவையும் மாத்திரை விவரத்தையும் அங்கே தெரிவித்துவிட வேண்டும்.

வாந்தி, பேதி, கடும் வெயில்

உடம்பில் நீர் வற்றும் நாட்களுக்கென்று ஒரு திட்டத்தை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாகச் சொல்லப்படும் முறை இது: நிற்காத வாந்தியோ வயிற்றுப்போக்கோ, எதுவும் குடிக்க முடியாத காய்ச்சலோ வந்தால், ‘ப்ரில்’, ‘சார்டன்’ மாத்திரையையும் நீர் பிரியும் மாத்திரையையும் நீரிழிவுக்கான மெட்ஃபார்மின், டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவற்றையும் தற்காலிகமாக நிறுத்திவைத்து, வழக்கம்போல் உண்ணவும் குடிக்கவும் தொடங்கிய 24 முதல் 48 மணி நேரத்தில் மீண்டும் தொடங்குவது. உங்களுக்கு இதில் எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்; இதய பலவீனம் உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு. அட்டினலால், மெட்டோப்ரோலால், குளோனிடின் போன்றவற்றை மட்டும் எக்காரணம் கொண்டும் சட்டென்று நிறுத்தக் கூடாது. ரத்த அழுத்தம் எகிறிவிடும். இந்த வேறுபாட்டுக்காகத்தான் மாத்திரையின் உட்பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று முதலிலேயே சொன்னேன். நிறுத்திவைத்த மாத்திரையைத் திரும்பத் தொடங்க மறந்துபோவது இன்னொரு ஆபத்து.

அக்னி நட்சத்திர வெயிலில் வயலிலும் கட்டட வேலையிலும் நிற்கிறவர்கள் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுவதாக இருந்தால் அதைக் கோடைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். எழுந்து நின்றால் தலைசுற்றுவது, சிறுநீர் அடர்நிறமாகக் குறைவாகப் போவது ஆகியவை நீர் வற்றியதன் அடையாளங்கள். முதியவர்களுக்கு நீர் பிரியும் மாத்திரைகளால் சோடியம் இறங்கி, சோர்வும் தடுமாற்றமும் மறதியும் வரலாம். வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் ரத்தத்தில் சோடியத்தைப் பாருங்கள். மறுபக்கம், நிறையத் தண்ணீர் குடித்தால் கிட்னி சுத்தமாகும் என்று குடம் குடமாகக் குடிக்கவும் தேவையில்லை. தாகத்துக்கும் வெயிலுக்கும் ஏற்ற அளவே போதும்.

சாப்பாட்டில் இரண்டு எச்சரிக்கைகள்

ஒன்று, சமையல் உப்பு. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே கொள்ளச் சொல்கிறது. அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. உப்பு மிகுந்தால் ‘ப்ரில்’, ‘சார்டன்’ மாத்திரைகளின் வேகமே மட்டுப்பட்டுவிடும். ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு ஆகியவற்றைத் தொடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

மற்றொன்று, பொட்டாசியம். சோடியம் குறைவான உப்பு என்று கடைகளில் விற்பதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியமே கலந்திருக்கிறது. சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு அது நல்லதாகவே இருக்கலாம்; ஆனால் திறன் குறைந்தவரோ, ‘ப்ரில்’, ‘சார்டன்’, பொட்டாசியத்தை உடலில் தேக்கும் நீர் பிரியும் மாத்திரையான ஸ்பைரோனோலாக்டோன் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைச் சாப்பிடுகிறவரோ மருத்துவரைக் கேட்காமல் அதற்கு மாறக் கூடாது. ரத்தப் பொட்டாசியம் 5.5ஐத் தாண்டினால் கவனம் தேவை. 6ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடம் மாறக்கூடும். அதற்காக எல்லோரும் இளநீரையும் வாழைப்பழத்தையும் கைவிட வேண்டியதில்லை. பொட்டாசியம் இயல்பாக இருக்கும்வரை அளவோடு சாப்பிடலாம். ஏறியிருக்கிறது என்று பரிசோதனை சொன்ன பிறகே கட்டுப்பாடு.

தொடர் கண்காணிப்பு, சிறப்பு மருத்துவரிடம் செல்லும் நேரம்

சிறுநீரகத் திறன் இயல்பாக உள்ளவர் ஆண்டுக்கொரு முறையும், குறைந்தவர் மருத்துவர் சொல்வதற்கேற்ப மூன்று முதல் ஆறு மாதத்துக்கொரு முறையும் ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் பலருக்குப் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. நல்ல ஏற்பாடு; ஆனால் மாத்திரை வாசலுக்கு வருகிறது என்பதற்காக ஆரம்ப சுகாதார நிலையத்தின் பக்கமே போகாமல் இருந்துவிடக் கூடாது. மாத்திரை தர வருகிற பணியாளரிடமே, அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது, எங்கே என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் ரத்த அழுத்தம் பார்ப்பதானால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, மேற்கையில் பட்டை கட்டும் கருவியில் பார்த்து, தேதியோடு எழுதி வையுங்கள். 140/90க்குக் கீழே கொண்டுவருவது எல்லோருக்குமான குறைந்தபட்ச இலக்கு. சிறுநீரகப் பாதிப்போ நீரிழிவோ உள்ளவர்களுக்கு 130/80க்குக் கீழே என்று மருத்துவர் இலக்கு வைப்பது வழக்கம்.

கருத்தரிக்க விரும்பும் பெண்களும் கருவுற்றவர்களும் ‘ப்ரில்’, ‘சார்டன்’ வகைகளைச் சாப்பிடக் கூடாது. அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் உடனே மாற்று மருந்து கேட்க வேண்டும். ‘ப்ரில்’ வகையால் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். அது தொல்லைதானே தவிர ஆபத்தில்லை, மருந்தை மாற்றினால் போய்விடும். ஆனால் உதடோ நாக்கோ முகமோ திடீரென வீங்கினால் மாத்திரையை நிறுத்திவிட்டு அப்போதே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். சிறுநீர் வெகுவாகக் குறைந்துபோவது, மூச்சுத் திணறல், கை கால் துவண்டு படபடப்பு வருவது ஆகியவையும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாதவை.

இ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழே இறங்கினாலோ, அது வேகமாகக் குறைந்துகொண்டே வந்தாலோ, சிறுநீர் அல்புமின் விகிதம் 300ஐத் தாண்டினாலோ, மூன்று மருந்துகள் முழு அளவில் எடுத்தும் ரத்த அழுத்தம் அடங்காவிட்டாலோ, சிறுநீரகச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பும்படி நீங்களே கேட்கலாம். அங்கே போகும்போது கடைசி ரிப்போர்ட்டை மட்டும் கொண்டு போகாமல், பழைய தாள்கள் அத்தனையையும் தேதிவாரியாக அடுக்கி, வீட்டில் எழுதி வைத்த ரத்த அழுத்தக் குறிப்பையும், சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், வலிக்கு வாங்கியவை உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.